இரவு 9.21க்கு எடை போட்ட கொழுந்து: ஒரு தோட்டக் கணினியின் பின்னணி வேலைகள் தவறிய கதை – நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுவைக் கணக்கு ஒரே ஒரு மேசைக் கணினியில் இருந்தது. ஒக்டோபர் மாத இடிமழையில் கரண்ட் இரண்டு மூன்று தடவை போய் வந்தது. மறுநாள் காலையில் தரவுத்தளக் கோப்பு திறக்கவில்லை. நகல் எடுக்கும் வேலை தினமும் தானாக ஓடுகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கோப்புறையைத் திறந்து எண்ணியபோது, அந்த மாதம் வேலை நடந்த 22 நாட்களில் 9 நாட்களுக்கு மட்டுமே நகல் இருந்தது. கடைசி நகலுக்கு வயது ஆறு நாள். மீதியைக் கங்காணிமாரின் நிறுவைப் புத்தகங்களைப் பார்த்து இரண்டு பேர் மூன்று நாள் உட்கார்ந்து திரும்ப ஏற்றினார்கள்.

இது சம்பளக் கணக்கு. கணினியில் விடுபடும் ஒவ்வொரு கிலோவும் யாரோ ஒரு பெண் மலையேறிப் பறித்து, சாக்கில் சுமந்து மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) கொண்டு வந்த கிலோ. அதனால் கோப்பை மீட்டதோடு விட்டுவிடாமல், நகல் ஏன் தவறியது என்று கடைசி வரை போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. டிஸ்க்கும் அதிலிருந்த ஜேர்னல் பதிவுகளும் (நடந்ததைக் கணினி தானாகக் குறித்து வைக்கும் வரிகள்) தப்பியிருந்ததால் அது முடிந்தது. கீழே வரும் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்பின்படி எழுதப்பட்டுள்ளன. தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் சிறிய எழுத்தாகவே தட்ட வேண்டும்.

இருந்த அமைப்பு

டெபியன் 12 என்ற லினக்ஸ். அதில் சேவைகளைத் தொடங்கி நிறுத்திக் கவனிப்பது சிஸ்டம்டி 252. 650 விஏ யூபிஎஸ் ஒன்று, 4ஜி ரவுட்டர் ஒன்று, தராசிலிருந்து கணினிக்கு யூஎஸ்பி–சீரியல் வயர். ஓட வேண்டிய வேலைகள் மூன்று. தராசு சொல்லும் எடையை எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் எழுதும் சேவை நாள் முழுக்க உயிரோடு இருக்க வேண்டும். மாலை 7 மணிக்குக் கோப்பின் நகல் எடுக்கப்பட வேண்டும். 7.10க்கு அந்த நகல் ஆர்சிங்க் என்ற கோப்பு அனுப்பும் கட்டளை மூலம் வெளியூர் சேர்வருக்குப் போக வேண்டும்.

மூன்றும் ‘மடுவம்’ என்ற சாதாரணப் பயனர் கணக்கின் கீழ், பயனர் நிலைச் சேவைகளாக வைக்கப்பட்டிருந்தன. அந்தத் தீர்மானம் சரியானதே. கிளாக்கரிடம் ரூட் (முழு நிர்வாகி) கடவுச்சொல் இருக்கக் கூடாது. ஆனால் தராசு மக்கர் பண்ணினால் சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்க அவரால் முடிய வேண்டும். ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட்’ அதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. கோளாறு இந்தத் தீர்மானத்தில் இல்லை. பயனர் நிலை என்றால் அது யாருடைய உயிரோடு சேர்ந்து ஓடுகிறது என்பதை யோசிக்காமல் விட்டதில்தான் இருந்தது.

முதல் முயற்சி: கிரொன்

ஆரம்பத்தில் நகல் வேலை கிரொன்டாப்பில், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரொனின் பட்டியலில், ஒரே வரியாக இருந்தது. கோப்பின் பெயரில் திகதி வரும்படி ‘டேட்’ கட்டளையைச் சதவீதக் குறியோடு எழுதியிருந்தார்கள். டெர்மினலில் தட்டியபோது ஒழுங்காக ஓடிய அதே வரி கிரொனில் ஒரு நாளும் ஓடவில்லை. கிரொன்டாப்பில் சதவீதக் குறி வந்தால் கட்டளை அந்த இடத்தோடு முடிந்துவிடும். பின்னால் உள்ளதெல்லாம் கட்டளைக்குக் கொடுக்கும் உள்ளீடாகப் போகும். குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டிருந்தால் தப்பியிருக்கும். இங்கே மூடாத அடைப்புக்குறியோடு நின்ற அரைக் கட்டளையை ஷெல் ஏற்கவில்லை. அந்தப் பிழையைக் கிரொன் மின்னஞ்சலில் அனுப்பப் பார்த்தது. கணினியில் அஞ்சல் மென்பொருளே இல்லாததால் ‘வெளியீடு கைவிடப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டும் ஜேர்னலில் விழுந்தது. அந்த வரி வாரக்கணக்காகத் தினமும் விழுந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை.

சிஸ்டம்டி வேலையை விவரிக்கும் யூனிட் கோப்பிலும் சதவீதக் குறிக்குத் தனி அர்த்தம் உண்டு. அங்கே பின்சாய்கோடு உதவாது, குறியை இரட்டையாக எழுத வேண்டும். இரண்டையும் ஞாபகம் வைத்திருப்பதைவிடக் கட்டளையை ஒரு சிறு ஸ்கிரிப்ட் கோப்பில் போட்டு, கிரொனோ டைமரோ அந்தக் கோப்பை மட்டும் கூப்பிடச் செய்வது நல்லது.

இரண்டாவது முயற்சி: டைமர்

பிறகு வேலை ஒரு சிஸ்டம்டி டைமருக்கு மாற்றப்பட்டது. வீட்டுக் கோப்புறையில் ‘.கொன்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர்’ என்ற இடத்தில் ‘நகல்.சேர்விஸ்’, ‘நகல்.டைமர்’ என்று இரண்டு கோப்புகள். அமைத்தவர் ஹட்டனிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லொகின் ஆகும் முறை) வழியாக உள்ளே வந்து இரண்டு மாலை பார்த்தார். இரண்டு மாலையும் 7 மணிக்கு நகல் விழுந்தது. வேலை முடிந்தது என்று விட்டுவிட்டார்.

அவர் உள்ளே இருந்ததால்தான் நகல் விழுந்தது. ஒரு பயனர் முதன்முதலாக லொகின் ஆகும்போது, லொகின்களைக் கவனிக்கும் லொகின்டி அவருக்கென்று ஒரு மேலாளரைத் தொடங்குகிறது. மடுவம் கணக்கின் எண் 1001 என்பதால் அதன் பெயர் ‘யூசர்@1001.சேர்விஸ்’. அந்தப் பயனரின் சேவைகளும் டைமர்களும் இதன் பிள்ளைகள். கடைசி லொகினும் முடிந்து 10 விநாடி போனால் மேலாளர் நிறுத்தப்படுகிறது. பிள்ளைகளும் கூடவே நிற்கும். ‘எனேபிள்ட்’ என்று திரையில் காட்டுவதெல்லாம், மேலாளர் எழுந்தால் இவர்களும் எழுவார்கள் என்பதை மட்டுமே.

இது விளங்கியது கிளாக்கரிடம் பேசிய பிறகுதான்.

“ஐயா, சாயங்காலம் ஏழு மணிக்கு மெசின் ஓடிக்கிட்டு இருக்கும்தானே?”

“அதெப்புடி தம்பி ஓடும்? ஆறு நாப்பதுக்கு மூடிட்டு மெயின் சுவிச்சையும் எறக்கிட்டுத்தான் நான் லயத்துக்குப் போறது. இடி விழுற மாசம். அப்புடியே விட்டுட்டுப் போனா எரிஞ்சிருமே.”

அவர் செய்தது முற்றிலும் சரி. ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் மாலை இடி இந்தப் பக்கத்தில் சாதாரணம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்திலிருந்து, கணினியைக் கையால் மூடிவிட்டுப் போவது பழக்கமாகவும் ஆகிவிட்டது. நகல் விழுந்த 9 நாட்களும், மாத நடு முற்பணக் கணக்குக்காகவோ வேறு வேலைக்காகவோ அவர் ஏழு மணி தாண்டி உட்கார்ந்திருந்த நாட்கள். மனிதர் எழுந்து போகும் நேரத்தைக் கேட்காமல் 7 மணி என்று எழுதியதுதான் பிழை.

கடிகாரம்

இதோடு ஆய்வு முடிந்திருக்கும். ஆனால் கங்காணிமாரின் புத்தகங்களோடு கணினிக் கணக்கை ஒப்பிட்டபோது மூன்று நாட்கள் இடித்தன. மொத்தம் சரியாக இருந்தது, நாள்தான் மாறியிருந்தது. அந்த மூன்று நாட்களின் பதிவுகளை நேரத்தோடு எடுத்துப் பார்த்தால், இரவு 9.21க்கு நிறுவை நடந்ததாக இருக்கிறது. அந்த நேரத்தில் மலையில் யாரும் கொழுந்து எடுப்பதில்லை.

ஜேர்னலில் அந்தக் காலைகளின் பூட் பதிவு இதைச் சொன்னது. முதல் வரிகளில் வருடமே பழையது. சில விநாடிகளில் நேரம் முந்தைய நாள் மாலை 6.41க்குத் தாவுகிறது. ‘கடிகாரம் பின்னுக்குப் போயிருந்தது, சேமித்த நேரத்திலிருந்து மீட்கப்பட்டது’ என்ற பொருளில், இணையத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்யும் டைம்சிங்க்டியின் ஒரு வரி. வழக்கமான நாட்களில் இரண்டு மூன்று நிமிடத்தில் ரவுட்டர் இணைந்ததும் நேரம் சரியான காலைக்குத் தாவிவிடுகிறது. இந்த மூன்று நாட்களிலும் மழை மூட்டத்தில் சிக்னல் 11 மணி வரை வரவில்லை.

காரணம் மதர்போர்டில் இருந்த சிஆர்2032 பெட்டரி. புதிதாக 3 வோல்ட் காட்ட வேண்டியது 2.1 காட்டியது. மெயின் சுவிட்ச் இறங்கியதும் கடிகாரம் செத்துவிடும். காலையில் எழும்போது, டைம்சிங்க்டி கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து, அதாவது நேற்று மாலை மூடிய நேரத்திலிருந்து, கணினி எண்ணத் தொடங்கும். காலை 6.50க்குப் போட்ட கணினி 6.41 மாலை என்று நினைக்கிறது. 9.30 நிறுவை அதற்கு இரவு 9.21, அதுவும் நேற்றைய திகதியில்.

இதனால் ஒருவருக்கு என்ன ஆகிறது என்பதைப் பாருங்கள். நிர்ணய கிலோ, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு எடுக்க வேண்டிய அளவு, 18 என்று வையுங்கள். ஒருவர் நேற்று 19 கிலோ எடுத்தார். இன்று காலை 7, மீதி நேரத்தில் 11, ஆக 18. இரண்டு நாளும் முழுப் பேர் (முழு நாள் சம்பளம்). கணினியிலோ நேற்று 26, இன்று 11. மேலதிகக் கிலோவுக்கு ஏதோ கொஞ்சம் வரும், ஆனால் இன்று அரைப் பேர் ஆகிவிடும். நகல் தொலைந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இது தெரியாமலே போயிருக்கும். எங்கள் பார்வையில் இந்த நிகழ்வின் மிக மோசமான பகுதி இதுதான்.

பெட்டரி மாற்றப்பட்டது. பிறகு ‘டைம்டேட்சிடிஎல்’ காட்டும் ஆர்டிசி (மதர்போர்ட் கடிகார) நேரம், மெயினை ஒரு இரவு முழுக்க இறக்கி வைத்து மறுநாள் பார்க்கப்பட்டது. அதற்கு மேல் நிறுவை நிரலிலும் ஒரு காவல் சேர்க்கப்பட்டது: கணினி நேரம் காலை 5க்கும் மாலை 7க்கும் இடையில் இல்லாவிட்டால், அல்லது கடைசிப் பதிவைவிடப் பின்தங்கியிருந்தால், பதிவை ஏற்காமல் திகதியைக் கேட்கும். ‘ரன்/சிஸ்டம்டி/டைம்சிங்க்/சிங்க்ரொனைஸ்ட்’ என்ற கோப்பு உருவாகும் வரை சேவையைக் காக்க வைக்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. கடிகாரம் இணையத்தோடு ஒத்துப்போனதும் அந்தக் கோப்பு வரும். நிறுவைச் சேவைக்கு அதைச் செய்யவில்லை. சிக்னல் வரும் வரை கொழுந்துச் சாக்குகளை மடுவ வாசலில் காக்க வைக்க முடியாது.

நிறுவைச் சேவையில் கண்ட மூன்று கோளாறுகள்

சேவைக் கோப்பின் கடைசியில் ‘வோன்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்’ என்று இருந்தது. கணினி முழுவதற்குமான சேவைக்கு எழுதிய உதாரணத்திலிருந்து அப்படியே எடுத்தது. பயனர் மேலாளரிடம் அப்படியொரு டார்கெட் (சேவைகளைச் சேர்த்துத் தொடங்கும் குழு) கிடையாது. ‘எனேபிள்’ எந்தக் குறையும் சொல்லாமல் இணைப்பை உண்டாக்கும், ஆனால் எதுவும் தொடங்காது. கிளாக்கர் தினமும் காலையில் கையால் தொடங்கிக்கொண்டிருந்தார், அதுதான் முறை என்று நினைத்து. ‘டிஃபோல்ட்.டார்கெட்’ என்று மாற்றி, பழையதை ‘டிசேபிள்’ செய்து, ‘டீமன்-ரீலோட்’ கொடுத்து, மறுபடி ‘எனேபிள்’ செய்ய வேண்டும். கோப்பை மட்டும் திருத்தினால் பழைய இணைப்பு அப்படியே கிடக்கும்.

அடுத்தது, கரண்ட் ஆடும்போது தராசு ஒரு கணம் துண்டிக்கப்பட்டால் சேவை விழுந்து, எழாமலே கிடந்தது. ‘ரீஸ்டார்ட்=ஒன்-ஃபெயிலியர்’ இருந்தும் ஏன்? மறுதொடக்கத்துக்கு முன் காக்கும் நேரம் எதுவும் எழுதாவிட்டால் 100 மில்லி விநாடி. 10 விநாடிக்குள் 5 தடவைக்கு மேல் தொடங்கப் பார்த்தால் மேலாளர் கையை விரித்துவிடும். தராசு திரும்ப உயிர் பெற 8, 10 விநாடி ஆகும். அதற்குள் ஐந்து வாய்ப்பும் தீர்ந்துவிடும். ‘ரீஸ்டார்ட்செக்=15’ என்று ஒரு வரி போட்டதும் சரியானது. அப்படி விழுந்து கிடக்கும் சேவையை எழுப்ப ‘ரீசெட்-ஃபெயில்ட்’ கொடுத்துவிட்டு ‘ஸ்டார்ட்’ கொடுக்கலாம். தராசின் பெயரும் ‘டிடிவையூஎஸ்பி0’ என்று இருந்தது. வயரைக் கழற்றி மாட்டினால் அது 1 ஆகலாம். ‘டெவ்/சீரியல்/பை-ஐடி’ கோப்புறையில் உள்ள நீண்ட பெயர் மாறாது, அதைத்தான் எழுத வேண்டும்.

மூன்றாவதுதான் அதிக நேரத்தைத் தின்றது. சீரியல் வயரைத் திறக்க மடுவம் கணக்கு ‘டயல்அவுட்’ குழுவில் இருக்க வேண்டும். சேர்த்தார்கள், லொக் அவுட் செய்து திரும்ப லொகின் ஆனார்கள். டெர்மினலில் தராசு பேசியது. சேவைக்கு மட்டும் ‘அனுமதி இல்லை’. அதற்குள் லிங்கர் இயக்கப்பட்டிருந்தது (அதைப் பற்றி அடுத்துச் சொல்கிறோம்). லிங்கர் இருந்தால் லொக் அவுட் ஆனாலும் பயனர் மேலாளர் சாவதில்லை. குழுவில் சேர்ப்பதற்கு முன் எழுந்த அதே மேலாளர், பழைய குழுப் பட்டியலோடுதான் சேவைகளைத் தொடங்கிக்கொண்டிருந்தது. நிர்வாகிக் கணக்கிலிருந்து ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் யூசர்@1001.சேர்விஸ்’ கொடுத்ததும் தீர்ந்தது. கணினியை ரீஸ்டார்ட் செய்தாலும் தீரும்.

புதிய ஏற்பாடு

நிர்வாகி உரிமையோடு ஒரே ஒரு தடவை ‘லொகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ என்று கணக்கின் பெயரோடு கொடுக்கப்பட்டது. இதன்பின் கணினி எழும்போதே மடுவம் கணக்கின் மேலாளரும் எழும், யாரும் லொகின் ஆகத் தேவையில்லை. இயக்கப்பட்டதா என்பதை ‘வார்/லிப்/சிஸ்டம்டி/லிங்கர்’ கோப்புறையில் அந்தப் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு இருப்பதைப் பார்த்து அறியலாம்.

லிங்கர் மெயின் சுவிட்சுக்கு மருந்தில்லை. அதனால் நகல் நேரம் 7 மணியிலிருந்து எடுக்கப்பட்டு, வேலை நேரத்துக்குள்ளேயே பரப்பப்பட்டது. ‘ஒன்கலெண்டர்=மன்..சாட் *-*-* 08..18:00,30:00’. திங்கள் முதல் சனி வரை, காலை 8 முதல் மாலை 6.30 வரை, அரை மணிக்கு ஒரு நகல். கோப்பு 40 எம்பிதான், நகல் ஒரு விநாடி வேலை. இப்படிப்பட்ட வரியை எழுதினால் உடனே ‘சிஸ்டம்டி-அனலைஸ் கலெண்டர்’ கட்டளையிடம் கொடுத்துப் பாருங்கள். அடுத்த தடவை எப்போது என்பதை உள்ளூர் நேரத்திலும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்திலும் சொல்லும். நமக்கும் யூடிசிக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். மாலை 6.15 என்றால் 12.45 என்று காட்ட வேண்டும். யூடிசி வரி தனியாக வராவிட்டால் நேர வலயம் ‘ஆசியா/கொழும்பு’ என்று அமைக்கப்படவில்லை.

வெளியூருக்கு அனுப்புவது மாலை 6.15க்கு. அதில் ‘பெர்சிஸ்டன்ட்=ட்ரூ’ போடப்பட்டது. கணினி மூடியிருந்ததால் தவறிய வேலை, அடுத்து எழுந்ததும் ஒரு தடவை ஓடும். இது ‘ஒன்கலெண்டர்’ டைமருக்கு மட்டுமே செல்லும். ‘ஒன்பூட்செக்’ போன்றவற்றுக்கு எழுதினாலும் பயனில்லை. தவறிய வேலை காலையில் ஓடும்போது ரவுட்டர் இன்னும் இணைந்திருக்காது. ‘ஆஃப்டர்=நெட்வேர்க்-ஒன்லைன்.டார்கெட்’ என்று எழுதிப் பார்த்தார்கள். அந்த டார்கெட்டும் பயனர் மேலாளருக்குத் தெரியாது, சத்தமில்லாமல் அலட்சியம் செய்யும். ஆகவே அனுப்பும் சேவையில் ‘ரீஸ்டார்ட்=ஒன்-ஃபெயிலியர்’, ‘ரீஸ்டார்ட்செக்=3மின்’. ஒரு தடவை ஓடி முடியும் ‘ஒன்ஷொட்’ வகைச் சேவைக்கு இது சிஸ்டம்டி 244 முதல் அனுமதிக்கப்படுகிறது. நகல் பெயரில் திகதியோடு மணியும் நிமிடமும் சேர்க்கப்பட்டன, ஒன்றை ஒன்று அழிக்காதிருக்க.

நகல் எடுக்கும் முறையும் மாறியது. முன்பு சாதாரணமாகக் கோப்பைக் கொப்பி பண்ணினார்கள். நிறுவைச் சேவை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அப்படி எடுத்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு கோப்பு கிடைக்கலாம். அது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். எஸ்கியூலைட்டின் சொந்த ‘.பேக்கப்’ கட்டளை எழுத்து நடக்கும்போதும் ஒழுங்கான நகலைத் தரும். எடுத்த நகலில் ‘பிராக்மா இன்டெக்ரிட்டி_செக்’ ஓடி ‘ஓகே’ வந்தால் மட்டுமே ஸ்கிரிப்ட் அதற்கு இறுதிப் பெயர் வைக்கும்.

ஓடியதா என்பதை எப்படி அறிவது

‘ஒன்ஃபெயிலியர்’ என்ற வசதி, வேலை தொடங்கித் தோற்றால் இன்னொரு சேவையைக் கூப்பிடும். இங்கே வேலை தோற்கவில்லை, தொடங்கவே இல்லை. தொடங்காத வேலைக்கு எந்த மணியும் அடிக்காது. நகலின் வயது 26 மணியைத் தாண்டினால் எச்சரி என்று முதலில் எழுதியது திங்கட்கிழமை தோறும் பொய்யாகக் கத்தியது, ஞாயிறு லீவு. இப்போதுள்ள விதி வேறு: தரவுத்தளத்தின் கடைசி நிறுவைப் பதிவு, கடைசி நகலைவிட 45 நிமிடத்துக்கு மேல் புதியதாக இருந்தால் எச்சரிக்கை. நிறுவையே இல்லாத நாளில் அது பேசாமல் இருக்கும். இந்தச் சோதனை நிறுவைத் திரையிலேயே, நிறுவை நிரலுக்குள்ளேயே வைக்கப்பட்டது. டைமர்கள் செத்துக் கிடந்தாலும் தராசின் முன்னால் நிற்பவர் சிவப்புக் கோட்டைப் பார்ப்பார்.

மாதம் ஒரு தடவை ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் லிஸ்ட்-டைமர்ஸ் --ஆல்’ பார்க்க வேண்டும். அதில் ‘லாஸ்ட்’ என்ற பத்திதான் முக்கியம். அங்கே நேரம் எதுவும் இல்லாவிட்டால் அந்த டைமர், குறைந்தது கணினி எழுந்ததிலிருந்தாவது, ஒரு தடவையும் ஓடவில்லை.

பரிசோதிப்பவர் விழும் குழி ஒன்று உண்டு. லிங்கர் வேலை செய்கிறதா என்று பார்க்க, கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு எஸ்எஸ்எச் வழியாக மடுவம் கணக்கிலேயே நுழைந்தால், நுழைந்த அந்தக் கணமே மேலாளர் எழுந்துவிடும். எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். நிர்வாகிக் கணக்கில் நுழைந்து ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் யூசர்@1001.சேர்விஸ்’ பார்க்க வேண்டும். நிர்வாகிக் கணக்கிலிருந்து ‘எஸ்யூ’ மூலம் மாறிப் போய் ‘--யூசர்’ கட்டளை கொடுத்தால் ‘பஸ்ஸோடு இணைய முடியவில்லை’ என்று வரும். அது சேவையின் கோளாறில்லை. ‘எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர்’ என்ற மாறிக்கு ‘ரன்/யூசர்/1001’ என்ற பாதையைக் கொடுத்தால் பேசும்.

இந்தச் சோதனை கிளாக்கர் முன்னிலையில் ஒரு சனிக்கிழமை செய்யப்பட்டது. மெயின் இறக்கி, பத்து நிமிடம் பொறுத்து, ஏற்றி, யாரும் லொகின் ஆகாமல் 11 மணி வரை விடப்பட்டது. 10.30க்கும் 11க்கும் உரிய நகல்கள் கோப்புறையில் இருந்தன. திகதி மாறிய மூன்று நாட்களின் பதிவுகள், அந்தந்தக் கங்காணியின் புத்தகத்தோடு வரி வரியாக ஒப்பிடப்பட்டு, அவர்கள் கையெழுத்தோடு சரியான நாளுக்குத் திருப்பப்பட்டன. 10ஆம் திகதிச் சம்பளம் அந்தத் திருத்திய கணக்கின்படியே போடப்பட்டது.